மாசம் 100 ரூபாய், வருஷம் முழுக்க: சாரணர் படைக்கு ஏன் கொடுக்கணும்?

1/ பிறந்தநாளுக்கு அரசுப் பள்ளியில ஒருநாள் பிரியாணி போட்டு, பேனர் கட்டி, போட்டோ போடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காசைப் பன்னிரண்டாப் பிரிச்சு, மாசாமாசம் அதே பள்ளியோட சாரணர், சாரணியர் படைக்குக் கொடுங்க. கோபப்படாம முழுசாப் படிங்க.

2/ இதை ஏன் ஒரு டாக்டர் பேசணும்? பாம்பு கடிச்ச காலைக் கயித்தால இறுக்கிக் கட்டி, பிளேடால கீறிக் கூட்டிட்டு வர்றாங்க. தீக்காயத்து மேல பேஸ்ட், இங்க். வலிப்பு வந்தவர் கையில சாவிக்கொத்து. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுல இதெல்லாம் சர்வ சாதாரணம்.

3/ செய்ய வேண்டியது ரொம்ப எளிது. பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க. கை காலை அசையவிடாம உடனே ஆஸ்பத்திரி. தீக்காயத்துக்கு 20 நிமிஷம் குழாய்த் தண்ணி. வலிப்புன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். ரத்தம் கொட்டினா துணி வச்சு அழுத்திப் பிடிக்கணும்.

4/ இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினா பத்தாது, கை பழகணும். சாரணர் படையில முதலுதவி செஞ்சு காட்ட வேண்டிய தேர்வு. கழுத்துல இருக்கிற ஸ்கார்ஃபைக் கழட்டினா முறிஞ்ச கைக்குத் தொட்டில் கட்டு. ரெண்டு கம்பும் போர்வையும் கிடைச்சா ஸ்ட்ரெச்சர்.

5/ "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சல்யூட் தானே?" 1907-ல பேடன் பவல் இங்கிலாந்துல தொடங்கினது உண்மைதான். இந்தியாவுக்கு வந்தப்போ நம்ம பிள்ளைகளுக்கு அதுல இடமில்லை. அதனால 1916-ல அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையிலேயே இந்தியப் பிள்ளைகளுக்குன்னு தனிச் சாரணர் சங்கம் தொடங்கினாங்க. போராடி வாங்கின இடத்தை இப்போ நாமளே காலி பண்ணலாமா?

6/ 2025-ல மணப்பாறையில வைரவிழா ஜம்போரி நடந்துச்சு, ரீல்ஸ் பார்த்துக் கைதட்டினோம். அது ஒரு வாரம். மிச்ச வாரங்களுக்குக் கயிறு, கட்டுத்துணி, முகாமுக்குப் பஸ் காசு யார் தர்றது? பல இடத்துல அந்த ஆசிரியரோட சொந்தப் பாக்கெட்தான். சீருடை வாங்க முடியாத பிள்ளை யார்கிட்டயும் சொல்லாம ஒதுங்கிடுது.

7/ ஏன் மாசாமாசம்? 20 பேர் 100 ரூபாய் போட்டா மாசம் 2,000, வருஷம் 24,000. ஒருத்தர் நின்னாலும் 1,900 வரும். மொத்தமாக் கொடுக்கிற ஒரே பெரிய மனுஷன் அடுத்த வருஷம் வரலைன்னா பூஜ்யம். வர்ற தொகை முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் ஆசிரியர் சீருடைக்கும் முகாமுக்கும் திட்டம் போட முடியும்.

8/ "அரசு செய்ய வேண்டியதை நாங்க ஏன் செய்யணும்?" நியாயமான கேள்வி. கிராம சபையில கேளுங்க, மனு கொடுங்க, விடாதீங்க. ஆனா பதில் வர்ற வரைக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புலயே காத்திருக்காது.

9/ எப்படிக் கொடுக்கிறது? தலைமை ஆசிரியரை நேர்ல பாருங்க. தனி ஆள் ஜிபே நம்பருக்கு வேண்டாம். பள்ளிக் கணக்குல போட்டு ரசீது வாங்குங்க. வருஷம் ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவுல வரவு செலவு கேளுங்க, அது உங்க உரிமை. சீருடை வாங்கின பிள்ளையை மட்டும் மேடையேத்திப் போட்டோ எடுக்காதீங்க.

10/ இந்த த்ரெட்டுக்கு லைக் வேண்டாம். தினம் குட்மார்னிங் போடுற உங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புங்க. 20 பேர் தேறினா இந்த மாசமே ஆரம்பிச்சிடலாம்.