பாட்டில்ல அடைச்ச பெர்சனாலிட்டி

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சிட்டு இருந்த மேட்டர் இது. இன்னிக்கு ஆணி கம்மி, அதனால இறக்கி வெச்சிடறேன்.

ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பொட்டி தட்டுறவங்க கிட்ட ஜப்பானிய 'தாவர' செண்ட் மோகம் தலைக்கேறி இருக்கு. ஆன்சைட் போயிட்டு வர்றவங்க முன்னெல்லாம் சாக்லேட் வாங்கிட்டு வருவாங்க. இப்போ சின்னதா, சதுரமா, பேரே சரியாத் தெரியாத மாதிரி ஒரு பாட்டில். அட்டையில ஹினோக்கி மரம், யூசு எலுமிச்சை, சகுரா பூன்னு பட்டியல். அதுக்குக் கீழேதான் விஷயமே: இதைப் பூசிக்கிறவர் அமைதியானவராம், ஆழமானவராம், அலட்டிக்கொள்ளாதவராம். ஏழாயிரம் ரூபா குடுத்து அலட்டிக்காம இருக்கறது எப்படின்னு எனக்கு இன்னும் புரியலை.

முதல்ல 'தாவர'த்தைப் பார்ப்போம். சகுரா பூவைப் பிழிஞ்சு செண்ட் எடுக்கறாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்தப் பூவோட வாசனை ரொம்ப மெல்லிசு. செண்ட் பாட்டில்ல வர்ற சகுரா, லேப்ல பல பொருளைக் கலந்து கட்டற ஒரு கற்பனை. உப்புல ஊறவெச்ச சகுரா இலைக்குத்தான் ஒரு தனி வாசம் உண்டு, அதுக்குக் காரணம் கூமரின்ங்கற ரசாயனம். ஜப்பானிய செண்ட்னா பலருக்கும் நினைவுக்கு வர்ற இஸ்ஸே மியாகேயோட 'லோ டிஸ்ஸே' 1992ல வந்தது. அதைக் கலந்தவர் ஜாக் கவாலியேங்கற பிரெஞ்சுக்காரர். அந்தத் தண்ணி வாசத்துக்குப் பின்னாடி இருக்கற கலோன், மருந்துக் கம்பெனியான ஃபைசர் 1966ல கண்டுபிடிச்ச செயற்கைப் பொருள். செயற்கைன்னா கெட்டதுன்னு சொல்ல வரலை, எனக்கே அந்த வாசம் பிடிக்கும். ஆனா பிரெஞ்சுக்காரர் கலந்த ஒரு மூலக்கூறை மோந்துட்டு 'ஜென் மாதிரி மனசு'ன்னு சொல்றப்போதான் காமெடியாகுது.

ஜப்பான்காரங்களைக் குறை சொல்லலை. வாசனை விஷயத்துல அவங்க கெட்டி. 15ஆம் நூற்றாண்டுல வடிவம் எடுத்த கோதோன்னு ஒரு கலை இருக்கு. அகில் துண்டை நேரடியாக் கொளுத்தாம, மெல்லிசான மைக்கா தகட்டுல வெச்சு சூடு காட்டி மோந்து பார்ப்பாங்க. மோந்து பார்க்கறதுன்னுகூட சொல்ல மாட்டாங்க, வாசனையைக் 'கேட்கறது'ன்னுதான் சொல்லுவாங்க. அதுல கெஞ்ஜிகோன்னு ஒரு ஆட்டம். அஞ்சு வகை வாசனை, வகைக்கு அஞ்சு பொட்டலம், மொத்தம் இருபத்தஞ்சு. குலுக்கி அஞ்சை எடுத்து வரிசையா விடுவாங்க. எது எதோட ஒண்ணு, எது வேறன்னு நீங்க சொல்லணும். விடை 52 விதமா வரலாம். (நம்ம ஆளுங்களுக்கு: அஞ்சுக்கான பெல் எண். கணக்குப் புத்தகத்துல வர்றதுக்கு முன்னாடியே அவங்க அதுக்குப் படம் போட்டு வெச்சுட்டாங்க.) இதுல உங்க ஆளுமை பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. மூக்கு வேலை செய்யுதா, அவ்ளோதான்.

இன்னொரு விஷயம். இந்தக் கலைக்கு உயிரான அகில் ஜப்பான்ல விளையறதே இல்லை. எல்லாம் தென்கிழக்கு ஆசியாவிலேர்ந்து கப்பல்ல போனது. அதே கிழக்குச் சரக்கு நம்ம ஊருக்கும் வந்துச்சு. சங்கப் பாட்டுல பொண்ணுங்க கூந்தலுக்கு அகில் புகை போட்டதெல்லாம் தமிழ் வாத்தியார் சொல்லிக் குடுத்ததுதான்.

ஆனா அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கு. அகிலை ஆறு வகையாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளை உவமை சொல்ற பழைய குறிப்பு ஒண்ணு உண்டு. உசத்தியான க்யாரா பிரபு மாதிரி. ராகோகு போர்வீரன் மாதிரி. சசோரா துறவி மாதிரி. மனாகா மனசு மாறிக்கிட்டே இருக்கற பொண்ணு மாதிரி. மனாபான் முரட்டுக் குடியானவன் மாதிரி. சுமோதாரா, பிரபு வேஷம் போட்ட வேலைக்காரன் மாதிரி! அந்தக் கடைசி உவமையை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. கட்டை கிட்டத்தட்ட க்யாரா மாதிரியே மணக்குது, ஆனாலும் 'நீ வேலைக்காரன்தான்'னு கண்டுபிடிச்சுடறாங்க. வாசனைக்கு ஆளுமை சொல்ல ஆரம்பிச்ச உடனேயே யார் மேல, யார் கீழங்கற வரிசையும் கூடவே வந்து உட்கார்ந்துடுச்சு. இன்னிக்கு அட்டையில பிரபுவும் துறவியும் மட்டும் இருக்காங்க. குடியானவனையும் வேலைக்காரனையும் தூக்கிட்டாங்க. அவங்க பாட்டில்லதான் இல்லை, நம்ம பேச்சுல இருக்காங்க.

எங்க பேச்சையே எடுத்துக்குங்களேன். வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல ஷிஃப்ட் மாறும்போது வரிசையா கம்பெனி பஸ் போகும். என்ஜினியர்கள் பஸ் வேற, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பஸ் வேற. ஒருநாள் எங்க பஸ் ரிப்பேர், அதுல ஏறிப் போக வேண்டியதாச்சு. கூட வந்த ரெண்டு பேர் கைக்குட்டையை மூக்குலேர்ந்து எடுக்கவே இல்லை. எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்த வியர்வை, கட்டிங் ஆயில், தேங்காண்ணெய், பின் சீட்டுப் பொண்ணுங்க தலையில மல்லி. இறங்கினதும் ஒருத்தன் சொன்னான், "மச்சி, மல்லி வாசமே பட்டிக்காடுடா". நான் வேலைக்குப் போய் வந்த இன்னொரு தொழிற்சாலையில 'உடல் துர்நாற்றம் தவிர்ப்பீர்'னு நோட்டீஸ் ஒட்டினாங்க. எங்கே? கான்ட்ராக்ட் ஆளுங்க லாக்கர் ரூம்ல மட்டும். ஏசி மீட்டிங் ரூம்ல செண்ட் நெடியில தும்மி சாகறோமே, அங்கே ஒட்டலை.

இதுல உச்சபட்ச நக்கல் என்னன்னா, மதுரை, சத்தியமங்கலம் பக்கம் விளையற மல்லியிலேர்ந்து எடுக்கற சாறு வெளிநாட்டு செண்ட் கம்பெனிகளுக்குப் போகுது. ஆயிரம் கிலோ பூவுக்கு சில கிலோதான் தேறும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அதே மல்லி பாரிஸ் போயிட்டு பாட்டில்ல திரும்பி வந்தா 'மர்மமான, மயக்கும் ஆளுமை'. பஸ்ஸுல முழம் கணக்குல வந்தா பட்டிக்காடு.

"வாசனை தனிப்பட்ட ரசனை, இதுல என்னய்யா நுண்ணரசியல்?"னு ரூம்மேட் கேட்டான். ரசனைன்னா சரி ராசா. பூசிக்கோ, பக்கத்துல வந்து மோந்து பார்த்து நல்லாருக்குன்னுகூட சொல்றேன். ஆனா உன் செண்ட்டை வெச்சு உன்னை ஆழமானவன்னு நான் நம்பணும்னா, அதே கணக்குல அடுத்தவன் வியர்வையை வெச்சு அவனை மட்டமானவன்னும் நம்பணுமே? ஒரே ஃபார்முலாதானே ரெண்டுக்கும்? அட, 'நாற்றம்'ங்கற நம்ம வார்த்தைக்கே பழைய தமிழ்ல நறுமணம்னும் அர்த்தம் உண்டு. அதை எப்போ கெட்ட வார்த்தையாக்கினோம்?

ஜப்பான்லயே இந்த மோகத்துக்கு எதிர்ப்பு இருக்குங்கறது நம்ம ஆளுங்களுக்குத் தெரியாது. அடுத்தவங்க செண்ட், துணி சாஃப்ட்னர் வாசனையால தலைவலி, குமட்டல்னு அவதிப்படறவங்க அதுக்கு 'வாசனை மாசு'ன்னு அர்த்தம் வர்ற பேரே வெச்சிருக்காங்க. உங்க வாசனை யாருக்காவது தொந்தரவா இருக்கலாம்னு 2021ல அரசாங்கமே போஸ்டர் போட்டுச்சு.

எனக்குப் பிடிச்ச இடம் கார் பெயின்ட் ஷாப்தான். உள்ளே போறவங்க செண்ட், டியோடரன்ட், ஹேர் ஜெல் எதுவும் போடக்கூடாது. அதுல இருக்கற சிலிக்கோன் துளியூண்டு பட்டாலும் பெயின்ட் ஒட்டாம விலகி, பாடியில மீன் கண்ணு மாதிரி குழி விழும். அப்புறம் தேய்ச்சு மறுபடி அடிக்கணும். அதனால வாசல்லயே எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே ஏர் ஷவர். ஜிஎம் வந்தாலும் சரி, கான்ட்ராக்ட் பையன் வந்தாலும் சரி. போன மாசம் ஏழாயிரம் ரூபா ஆழமானவர் ஒருத்தரை அங்கே இருந்த ஐடிஐ தம்பி நிறுத்தி, "சார், கழுவிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பினான்.

டிஸ்கி: கைக்குட்டை பார்ட்டிகள் ரெண்டு பேரும் இதைப் படிப்பாங்கன்னு தெரியும். பேர் போடலை. சண்டை போடறதா இருந்தா பின்னூட்டத்துலயே வாங்கப்பா, பஸ்ஸுல வேண்டாம் :)