மணலில் கீறிய குசினி



கடந்த மாதம் பாலமுனையில் ஒரு சுயதொழில் குழுவின் கூட்டத்திற்குப் போயிருந்தேன். ஏழு பெண்கள் சேர்ந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் குழு அது. அவர்களில் நான்கு பேர் யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அன்று முற்றத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

ஏழாவது ராத்தா எங்கே என்று கேட்டேன்.

"அவ பிந்துறா புள்ள. அவவால கடைக்குச் சாமான் நேரத்துக்குப் போகுதில்ல. தண்டம் போட்டம். கோவிச்சிக்கிட்டு நிண்டுட்டா" என்றார் குழுத் தலைவி.

எனக்குச் சுருக்கென்றது. தண்டம் என்ற யோசனைக்கு வழிவிட்டதே நான்தான். மூன்று மாதங்களுக்கு முன் அவர்களுக்கு நடத்திய செயலமர்வில், மக்டொனால்ட்ஸ் என்ற உலகளாவிய துரித உணவு நிறுவனம் நேரத்தை எப்படிக் கணக்கிட்டு வேலை செய்கிறது என்று விளக்கினேன். "நாமும் நேரத்திற்கு ஓர் ஒழுங்கு வைக்க வேண்டும்" என்றும் சொன்னேன். நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. மீதிக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் 1940இல் மக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் ஓர் உணவகம் தொடங்கினார்கள். வியாபாரம் நன்றாக நடந்தபோதே 1948இல் கடையைச் சில மாதங்கள் மூடினார்கள். விற்ற 25 வகை உணவுகளில் அதிகம் விலைபோகும் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு டெனிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் குசினியின் வரைபடத்தைக் கீறி, ஊழியர்களை அதற்குள் வேலை செய்வதுபோல் நடக்கச் சொன்னார்கள். யார் யாரோடு முட்டுகிறார், யாருக்கு நடை அதிகம் என்று பார்த்துப் பார்த்து அழித்து, மீண்டும் கீறினார்கள். கடைசியில்தான் அடுப்பு எங்கே, மேசை எங்கே என்று முடிவு செய்தார்கள். 30 சதமாக இருந்த ஹம்பேகரை 15 சதத்திற்குக் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

பால் பானம் கலக்கும் இயந்திரங்களை விற்கப் போன ரே குரோக் என்பவர் இந்த முறையைக் கண்டு வியந்து, 1955இல் தன் முதற் கிளையைத் திறந்தார். 1961இல் சகோதரர்களிடமிருந்து வியாபாரத்தை 27 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அதே ஆண்டில் முகாமையாளர்களுக்கென்று ஒரு பயிற்சிக் கூடமும் தொடங்கினார். 1956இல் அடுப்படி வேலையில் சேர்ந்த ஃபிரெட் டேர்னர் என்ற இளைஞர் பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கே வந்தார். கீழே இருப்பவருக்கு மேலே ஏற ஒரு படி இருக்கிறது என்று காட்டுவதுதான் அவர்களுடைய ஊக்குவிப்பின் அடிப்படை.

சந்தைப்படுத்தலிலும் ஒரு பாடம் இருக்கிறது. சின்சினாட்டி நகரில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் கிளை நடத்திய ஒருவருக்கு வெள்ளிக்கிழமைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. அன்று அவர்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை. அவர் 1962இல் மீன் வைத்த ஒரு பண்டத்தைச் செய்து கொடுத்தார். தலைமையகம் முதலில் தயங்கினாலும் பிறகு எல்லாக் கிளைகளுக்கும் அது போனது. 1996இல் இந்தியாவுக்கு வந்தபோது அந்த நிறுவனம் மாட்டிறைச்சியைத் தவிர்த்தது. பிறகு உருளைக்கிழங்கில் செய்த பண்டத்தையும் விற்றது. வாங்குபவர் வாயைப் பார்த்துச் சமைப்பது நம் உம்மாமார் அறிந்த வித்தைதான்.

நமது நாட்டிற்கும் அந்த நிறுவனம் 1998இல் வந்தது. 2024 மார்ச்சில் தர நியமங்கள் தொடர்பான பிணக்கில் உள்ளூர்ப் பங்காளியுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அப்போது இங்கிருந்த 12 கிளைகளும் மூடப்பட்டன. எவ்வளவு பெரிய பெயரானாலும் சுத்தம், தரம் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

இனி மறுபக்கம். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஜோர்ஜ் ரிட்சர் என்ற அறிஞரின் நூல் ஒன்றைப் படித்தோம். 1993இல் வெளிவந்தது. வினைத்திறன், கணக்கிடுதல், எதிர்வுகூறக்கூடிய தன்மை, கட்டுப்பாடு ஆகிய நான்கும் உணவகத்தைத் தாண்டி சமூகம் முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன என்றும், அதில் மனிதர் இயந்திரத்தின் உறுப்பாகிவிடும் ஆபத்து உண்டு என்றும் அவர் எழுதினார். 2012 நவம்பரில் நியூயோர்க் நகரில் துரித உணவு ஊழியர்கள் மணித்தியாலத்திற்கு 15 டொலர் கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். பாராட்டுப் பத்திரம் வயிற்றை நிரப்பாது அல்லவா?

செயலமர்வில் இந்தப் பக்கத்தை நான் சொல்லவேயில்லை. ஆனால் அன்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது. "புள்ள, அந்தக் கடையில அடுப்புக்கு முன்னால நிக்கிறவளுக்கு அந்தக் கடையில பங்கு இரிக்கா?" கேட்டவர், இப்போது நின்றுவிட்ட அதே ராத்தாதான். நேரமில்லை என்று கடந்துபோனேன்.

தலைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டிற்குப் போனேன். "ராத்தா, நீங்க கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் கொண்டு வந்திருக்கன். பங்கு இல்ல. கூலிதான். ஆனா உங்கட குழுவில ஏழு பேருக்கும் பங்கு இரிக்கு. பங்காளிக்குத் தண்டம் போடச் சொன்னது என்ட பிழை" என்றேன். அவர் தேநீர் ஊற்றித் தந்தார். பதில் சொல்லவில்லை.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வந்தார். ஏழு பேருமாக முற்றத்து மணலில் ஈர்க்கினால் குசினியைக் கீறினோம். அடுப்பு, உரல், தட்டு அடுக்கும் இடம், பின்வளவில் கிணறு. ஒவ்வொருவரும் காலையில் செய்யும் வேலையைக் கோட்டுக்குள் நடந்து காட்டினார்கள். நான் எண்ணினேன். மா குழைப்பவர்தான் தண்ணீரும் அள்ள வேண்டும் என்பது எழுதாத வழக்கமாக இருந்தது. அந்த ராத்தா ஒரு காலையில் கிணற்றுக்கும் அடுப்புக்கும் 22 தடவை நடந்தார், யுத்தத்தில் காயப்பட்ட காலோடு. உரல் பிழிபவர்கள் இருந்த இடத்தைவிட்டு எழும்பவே இல்லை.

முற்றத்தில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைவி தண்டக் காசை எடுத்து அவர் கையில் வைத்தார். "காசு கிடக்கட்டும். ஏன் பிந்துறாய் எண்டு ஒருத்தரும் கேக்கல்லியே" என்றார் அவர். கண் கலங்கியது அவருக்கு மட்டுமல்ல.

இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் இருக்கிறது. இரவிலேயே இருவர் நிரப்பி வைக்கிறார்கள். வேலைகள் வாரத்திற்கு வாரம் மாறுகின்றன. கணக்குக் கொப்பியை மாதத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார்கள். ஒலுவில் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்து இடியப்பம் அதிகம் என்று அறிந்து, ஐந்து வைத்த பொதியும் செய்கிறார்கள். பிந்திய நாட்களில் கைவிட்டுப்போன ஒரு கடை மட்டும் இன்னும் திரும்பவில்லை. தவறுக்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் ஒருவர் பிந்தினால், அல்லது ஒதுங்கினால், தண்டக் கொப்பியைத் திறக்கும் முன் ஓர் ஈர்க்கை எடுத்து முற்றத்தில் கீறிப் பாருங்கள். அவரையே நடந்து காட்டச் சொல்லுங்கள். பிழை ஆளிலா, அடுப்பும் கிணறும் இருக்கும் இடத்திலா என்று மணல் சொல்லும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.