கிடங்குத் தரை: சிக்கனம் எங்கே, செலவு எங்கே?

கோவை ரங்கே கவுடர் வீதி போன்ற பழைய கடைவீதிகளில் லாரி நிறுத்தவே இடமில்லை. ஆகவே மொத்த வணிகர்கள் பலர் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டுக் கிடங்கு அமைக்கின்றனர். இரும்புக்கும் கூரைத் தகட்டுக்கும் பணம் போன பிறகு தரைக்கு மிஞ்சுவது சொற்பமே. அந்தச் சொற்பமும் கண்ணுக்குத் தெரியும் மேற்பூச்சுக்கே போய்விடுகிறது. குறைந்த செலவில் நல்ல தரை வேண்டுமானால் பணத்தைத் தரைக்கு அடியில் போட வேண்டும், மேலே மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

நமது சரக்கின் பகைவன் ஈரம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கசியும். ஈரோட்டு மஞ்சளில் பூசணம் பிடிக்கும். பருப்பு மூட்டையின் அடிப்பக்கம் கட்டி தட்டும். கூரை ஒழுகினால் அன்றே தெரியும். தரைவழி ஏறும் ஈரம் அட்டியின் அடி மூட்டையைப் பிரிக்கும் நாளில்தான் தெரியும். அப்போது நட்டம் நம் தலையில்.

தரை தாங்க வேண்டிய பாரத்தையும் கணக்குப் பார்க்கலாம். 50 கிலோ மூட்டைகளை 16 அடுக்கினால் 800 கிலோ. ஒரு மூட்டை 3 அடிக்கு 2 அடி இடம் பிடிக்கிறது என்று கொண்டால், சதுர அடிக்குச் சுமார் 133 கிலோ. அடிமண் ஒழுங்காக இறுகியிருந்தால் இது பெரிய பாரமன்று. மண் அமுங்கினால் எத்தனை அங்குலக் கான்கிரீட்டும் வெடிக்கும்.

கொங்குப் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். அதன்மேல் நேராகத் தரை போடுவது பணத்தைப் புதைப்பதே. கரிசலை இயன்ற ஆழம் தோண்டி எடுத்து, கிராவல் மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ஒருமுறை உருட்டுவதில் பயனில்லை. வார்ப்படத் தொழிற்சாலைகளின் கழிவு மணல் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதில் வேதிப் பசைகள் கலந்திருக்கக் கூடும். பரிசோதிக்காமல் உணவுப்பொருள் கிடங்கில் போடுவது முறையன்று.

இறுகிய கிராவல்மீது கிரஷர் தூள் 2 அங்குலம் பரப்பிச் சமன் செய்து, 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்க வேண்டும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறியிருக்கட்டும். கிழியாமல் பார்த்துக்கொள்வது அவசியம். மொத்தச் செலவில் இந்த ஷீட்டின் பங்கு மிகச் சிறியது. சரக்கைக் காப்பதோ இதுவே.

இனி மிச்சம் பிடிக்கும் இடம். 40 அடிக்கு 60 அடிக் கிடங்கு 2,400 சதுர அடி. 4 அங்குலத் தரைக்கு 800 கன அடி, அதாவது 8 யூனிட் கான்கிரீட் தேவை. 6 அங்குலம் என்றால் 12 யூனிட். அடித்தளம் உறுதியாயின், மூட்டை அடுக்கும் பகுதிக்கு 1:1½:3 கலவையில் 4 அங்குலம் போதும். லாரி ஏறி வரும் வாசல் பகுதிக்கு மட்டும் 6 அங்குலம் போடலாம். போர்க்லிப்ட் ஓட்டுவோரும், கனமான எந்திரம் நிறுத்தும் பட்டறைக்காரர்களும் பொறியாளரைக் கேட்டே கனத்தை முடிவு செய்ய வேண்டும்.

வெடிப்புக்குப் பயந்து கம்பி கட்டச் சொல்வோர் உண்டு. 10 அடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வார்த்து, இணைப்புகளில் தார் ஊற்றினால் மூட்டைக் கிடங்குக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வேண்டியதில்லை. பூச்சிகளும் இடுக்கில் குடியேறா.

காசு செலவில்லாத இரண்டு காரியங்களில்தான் வேலை கெடுகிறது. இழுத்துப் பரப்ப எளிதென்று கலவையில் தண்ணீரைக் கூட்டுவது ஒன்று. அத்தகைய தரை நாளடைவில் தூளாக உதிர்ந்து பருப்பிலும் அரிசியிலும் படியும். நீராற்றலைச் சுருக்குவது மற்றொன்று. பாத்தி கட்டி நீர் நிறுத்தி, பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் காக்க வேண்டும். சரக்கு வருகிறதென்று மூன்றாம் நாளே அட்டி போடுவது பின்னால் வரும் செலவுக்கு அச்சாரம்.

பழைய கிடங்கு வைத்திருப்போர் ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் தரை ஈரம் விடுகிறது. அத்தகைய தரையில் மரச்சட்டம் இல்லாமல் மூட்டை இறக்கக் கூடாது.

தரை சுமைப்பணித் தொழிலாளரின் காலுக்கும் முதுகுக்கும் உரிய பிரச்சினை. மேடு பள்ளத்தில் 50 கிலோ சுமந்து இடறி விழுபவரும் நம்மைச் சார்ந்தவரே.

வணிகர் சங்கங்கள் இதில் முன்வர வேண்டும். கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மண் பரிசோதனைக்கு ஏற்பாடு, அளவுவாரியாக ஒரு மாதிரி மதிப்பீடு, ரோலரைப் பொதுவில் வாடகைக்கு எடுத்தல் ஆகிய மூன்றையும் சங்கம் செய்து கொடுத்தால், தனித்தனியே ஒப்பந்தக்காரரின் சொல்லை மட்டும் நம்பிச் செலவழிக்கும் நிலை மாறும். ஐப்பசி மழைக்கு முன் கிடங்கு கட்ட நினைக்கும் உறுப்பினர்கள் இக்கோரிக்கையை அடுத்த கூட்டத்திலேயே எழுப்ப வேண்டுகிறோம்.