பார்த்தேன் என்று சொல்ல யார் இருக்கிறீர்கள்?

2016 பிப்ரவரி 5 அன்று வெற்றிமாறனின் 'விசாரணை' வெளியானது. அந்த வாரமே கோவையில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். குண்டூர் போலீஸ் ஸ்டேஷனில் அடி விழ ஆரம்பித்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். படம் முடிந்து வெளியே வரும்போது எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "பார்க்க முடியலைங்க." "ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது." அன்று இரவு முகநூலைத் திறந்தால் அங்கேயும் அதேதான். நானும் எழுதினேன். 'இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களால் தூங்க முடிந்தால் உங்களுக்கு மனசாட்சி இல்லை' என்று. நூறு லைக் வந்தது. நான் நன்றாகவே தூங்கினேன்.

அதிலிருந்து 37வது நாள், மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், மக்கள் நடமாட்டத்துக்கு நடுவே குமரலிங்கம் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். வயது 22. இன்ஜினியரிங் மாணவர், தலித். கூட இருந்த மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள். எதிரே இருந்த சிசிடிவி கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. அந்த வீடியோ தொலைக்காட்சியில் ஓடியது, வாட்ஸ்அப்பில் ஓடியது. 'விசாரணை' பார்க்க முடியவில்லை என்று சொன்ன நண்பர்களில் இரண்டு பேர் அதை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "கொடுமைதான், ஆனா பொண்ணப் பெத்தவங்க வலியும் இருக்குல்ல?"

இந்த 'ஆனா' எங்கிருந்து வந்தது? தியேட்டரில் அவர் கண்ணை மூடியபோது இது இல்லையே! இந்தக் கேள்வியை ஒன்பது பத்து வருடமாக வைத்துக்கொண்டு திரிகிறேன். தோழர்களே, இப்போது எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். கசக்கும்.

முதலில் இந்தப் படத்தின் கதை யாருடையது என்று பார்ப்போம். நம் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாருடையது. பிழைக்கப் போன இடத்தில், 1983இல் குண்டூரில், செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டு அடிபட்டவர். அதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அந்த நாவல்தான் படமானது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது, அங்கே விருதும் வாங்கியது. பிறகு தேசிய விருது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரை. நாம் பெருமைப்பட்டோம். சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சந்திரகுமார் உயிரோடு திரும்பி வந்தார், வாயைத் திறந்தார், அதனால்தான் நமக்கு அந்த லாக்கப் தெரியும். திரும்பி வராதவர்களின் கதையை யார் எழுதுவது?

படத்தின் பிற்பாதி அதைத்தான் பேசுகிறது. குண்டூர் அடியிலிருந்து தப்பித்துத் தமிழ்நாட்டுக்கு வந்த தொழிலாளிகள் ஏன் சாகிறார்கள்? திருடியதற்காகவா? எதிர்த்துப் பேசியதற்காகவா? போலீஸ் செய்த ஒரு கொலையின் பின்னணி அவர்கள் காதில் விழுந்துவிட்டது. சாட்சி ஆகிவிட்டார்கள். அதற்காகக் கொல்லப்படுகிறார்கள். படத்தின் மிகப் பெரிய பயங்கரம் லத்தியில் இல்லை, அங்கேதான் இருக்கிறது. தியேட்டரை விட்டு வந்த கூட்டத்தில் யாரும் அதைப் பேசவில்லை. ரத்தத்தைப் பேசினார்கள், நடிப்பைப் பேசினார்கள், "சமுத்திரக்கனி பின்னிட்டாருல்ல" என்றார்கள்.

நாலைந்து வருடம் கழித்து இதே படத்தை ஈரோடு மாவட்டத்தில் ஒரு காலனியில் புரொஜெக்டர் வைத்துப் போட்டோம். மாரியம்மன் கோயில் திடல், வெள்ளை வேட்டிதான் திரை. அங்கே யாரும் கண்ணை மூடவில்லை. அடிக்கிற காட்சியில் ஒரு பெரியவர், "இப்படி அடிச்சா வெளிய காயம் தெரியாதுங்க" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்:

"எல்லாப் பசங்களையும் சுட்டுப்போட்டாங்களா கண்ணு?"

"ஆமாங்க பாட்டி."

"அப்ப கோர்ட்டுல ஆரு வந்து சாட்சி சொல்லுவாங்க?"

சமூகவியலில் முதுகலை முடித்த எனக்குத் தோன்றாத கேள்வி. அவர் மகன் மீதான ஒரு தாக்குதல் வழக்கு சாட்சி இல்லாமல் போனது என்று பிறகு தெரிந்தது. ஒரே படம், இரண்டு விதமான ஆட்கள். ஒருவர் 'என்னால் தாங்க முடியவில்லை' என்று தன் மனசைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் 'வழக்கு என்ன ஆகும்' என்று செத்தவனைப் பற்றிக் கேட்டார்.

த்ரில்லர் படங்கள் நம்மை முதல் வகை ஆளாகவே பழக்குகின்றன. 'ராட்சசன்' பார்த்தோம், 'போர் தொழில்' பார்த்தோம், 'மகாராஜா' பார்த்தோம். நல்ல படங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நானும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அந்த இருட்டு நமக்கு என்ன சொல்லித் தருகிறது? உண்மை தானாக நம்மிடம் வந்து சேரும். கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பிளாஷ்பேக் வரும், எல்லா முடிச்சும் அவிழும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். கொலைகாரன் மனம் பிறழ்ந்தவன், எங்கேயோ இருட்டில் இருப்பவன். நம் தெருவில் இருப்பவன் இல்லை, நம் மாமா இல்லை, நம் சங்கத் தலைவர் இல்லை. முடிவில் ஒரு துப்பாக்கி வெடிக்கும், விசில் பறக்கும், நியாயம் கிடைத்துவிட்டது என்று பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த விசில் தியேட்டரோடு நிற்பதும் இல்லை. 2010 அக்டோபரில் கோவையில் இரண்டு பள்ளிக் குழந்தைகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறும் கொடுமை. நவம்பர் 9 அதிகாலை, பிடிபட்டவர்களில் ஒருவரைப் போத்தனூர் பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பறித்துத் தாக்க வந்ததால் சுட்டோம் என்றார்கள். நகரில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். கிளைமாக்ஸ் முடிந்த தியேட்டர் மாதிரி இருந்தது ஊர். அதே வழக்கின் இன்னொரு குற்றவாளி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார், சாட்சிகள் வந்து சொன்னார்கள், தண்டனை வந்தது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரண தண்டனை பற்றி நமக்கு வேறு கேள்விகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். நான் சொல்ல வருவது இதுதான்: சாட்சிகள் ஏறி நின்று உண்மையை நிரூபித்த அன்றைக்கு யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

என்கவுன்டருக்கு விசில் அடிப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். விசாரணையே இல்லாமல் சுடலாம் என்று நாம் போலீஸுக்குக் கொடுக்கும் அனுமதி, குண்டூர் பூங்காவில் படுத்துத் தூங்கும் கூலித் தொழிலாளியையும் சுட அனுமதிதான். அது யார் பக்கம் திரும்பும் என்று காலனியில் இருப்பவனுக்குத் தெரியும்.

இனி நம் ஊர் கொலைகளுக்கு வருவோம். இங்கே சஸ்பென்ஸ் எங்கே இருக்கிறது? 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டக் கடிதம் வரை தயார் செய்திருந்தார்கள். தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ மேல் ஆடியோ விட்டார். கொங்கு மண்டலத்தில் டீக்கடை டீக்கடையாக அதைக் கேட்டார்கள், அடுத்த ஆடியோ எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். வழக்கை விசாரித்துவந்த டிஎஸ்பி விஷ்ணுபிரியா அந்த செப்டம்பரில் தூக்கில் இறந்து கிடந்தார். அக்டோபரில் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது கூட்டம் கூடியது. ஒரு தாய் மகனைப் பறிகொடுத்த வழக்கை இவர்கள் வெப் சீரிஸ் மாதிரி எபிசோட் எபிசோடாக அனுபவித்தார்கள்.

பிறகு விசாரணை. கூடப் போயிருந்த தோழி உள்பட சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கோயில் கேமராவில் பதிவான காட்சியைக் காட்டினாலும் அது நான் இல்லை என்றார் அந்தப் பெண். அவரைத் திட்டி மீம் போடுவது சுலபம். எந்த வீட்டில், யார் நடுவில் அவர் வாழ வேண்டும் என்று யோசிப்பது கஷ்டம். பிறழாமல் நின்றது கேமரா மட்டும்தான். அந்தக் கேமராவும் தானாகப் பேசவில்லை. தாய் சித்ரா விடவில்லை. வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றக் கேட்டார். பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ப.பா. மோகன் அரசுத் தரப்பில் நின்றார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்பட 10 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே திருச்செங்கோடு கோயிலுக்கு வந்து இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது. எட்டு வருடம்! இதற்கு எந்த பிளாஷ்பேக்கும் உதவவில்லை.

உடுமலை வழக்கில் கேமரா இருந்தது, கௌசல்யாவும் இருந்தார். பெற்ற தாய் தகப்பனுக்கு எதிராகக் கூண்டில் ஏறி நின்றார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவர் தந்தை உள்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தாயை விடுவித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்தது. வெட்டிய ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைந்தது. சதி நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. சதி எப்போதும் கேமரா இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. அதை வெளியே கொண்டுவர மனித வாய் வேண்டும்.

"படத்தைப் படமா பாருங்க தோழர், எல்லாத்துலயும் சாதியக் கொண்டுவராதீங்க" என்று சிலர் சொல்வார்கள். படத்தைப் படமாகத்தான் பார்க்கிறேன். கொலையையும் படமாகப் பார்க்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

"சாட்சி சொன்னா ஊர்ல இருக்க முடியுமா?" என்று கேட்பவர்களின் கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி. தோட்டத்து வேலையும் தறி வேலையும் யார் கையில் இருக்கிறதோ, அவர்களின் பங்காளிதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தைரியமாக இரு என்று ஊருக்கு வெளியே இருந்து அறிவுரை சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாட்சியைத் தனியாக விடாமல் இருக்க வழி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'விசாரணை' வெளியாவதற்குப் பத்து நாள் முன்பு! அதில் 15ஏ பிரிவைப் படியுங்கள். சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, தேவைப்பட்டால் இடமாற்றம், எல்லாம் உரிமையாக இருக்கிறது. ஜாமீன் விசாரணைக்குப் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும். கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.

போன வருடம் ஒரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனேன். டீக்கடை முன்னால் ஒரு காலனிப் பையனைக் கட்டிவைத்து அடித்த வழக்கு. பார்த்தவர்கள் பதினைந்து பேருக்கு மேல். சாட்சிப் பட்டியலில் ஐந்து பேர். நான்கு பேர் பிறழ்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஐம்பது வயது விசைத்தறித் தொழிலாளி. வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. நானும் இரண்டு கல்லூரித் தங்கைகளும் போயிருந்தோம். என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நான் கூண்டுல நிக்கறப்ப எங்கண்ணுல படற மாதிரி உக்காந்திருங்க. அந்தப் பக்கம் அவங்காளுங்க இருவது பேரு உக்காந்திருக்காங்க, பாருங்க."

உட்கார்ந்தோம். வேறு எதுவும் செய்யவில்லை. அவர் இரண்டு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தார். குறுக்கு விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. பிறழவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலைக்கும் பார்வையாளர்கள்தான் தேவை. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, டிக்கெட் இல்லை. அடுத்த த்ரில்லர் வெளியாகும்போது தாராளமாகப் போய்ப் பாருங்கள். அதே வாரத்தில் ஒரு நாள் உங்கள் ஊர் கோர்ட்டில் எந்த வன்கொடுமை வழக்குக்கு வாய்தா என்று விசாரித்து, சாட்சியின் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெஞ்சில் போய் உட்காருங்கள். அவங்காளுங்க இருபது பேர் வருகிறார்கள். நாம் எத்தனை பேர்?