வீட்டுப் பதிவுக்குப் பூட்டு எதற்கு?

அமெரிக்காவில் கூரைமேல் ஓர் ஆன்டெனாவை மாட்டினால் உள்ளூர் சேனல்கள் இலவசமாகவே கிடைக்கும். ஆன்டெனாவின் கம்பியை ட்யூனரில் செருகி, அதைப் பழைய கணினி ஒன்றோடு இணைத்து, 2002-இல் பிறந்த மித்டிவி என்ற இலவச மென்பொருளை நிறுவினால் வீட்டிலேயே பதிவு நிலையம் தயார். எச்டி நிகழ்ச்சி மணிக்கு 8 ஜிகாபைட் வரை இடம் பிடித்தாலும், 4 டெராபைட் வட்டில் 500 மணி நேரம் அடங்கும்.

இந்தச் சுதந்திரம் சும்மா வந்ததல்ல. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுக் கருவிக்கு எதிராக யுனிவர்சல் ஸ்டுடியோ தொடுத்த வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது பதிப்புரிமை மீறல் அல்ல என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் 5-க்கு 4 என்ற மயிரிழையில்! குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ராஜர்ஸ், குடும்பங்கள் பதிந்து பார்ப்பதை வரவேற்றுச் சொன்ன சாட்சியத்தைத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது.

வீட்டுப் பதிவு எவ்வளவு சேர்த்து வைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பிலடெல்பியாவின் மேரியன் ஸ்டோக்ஸ், 2012-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்திகளை இடைவிடாமல் பதிந்தார். சேர்ந்தவை சுமார் 70,000 நாடாக்கள்.

இப்போது ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் பல நிலையங்கள் அலையையே பூட்டி அனுப்புகின்றன. அங்கீகாரம் பெறாத ட்யூனரால் அதைத் திறக்க முடியாது. மித்டிவி வைத்திருப்பவருக்கு வெறும் கறுப்புத் திரைதான். மக்களுக்குச் சொந்தமான அலைவரிசையில் உரிமம் பெற்றவர்கள் இப்படிச் செய்வது அநியாயம். பூட்டை நீக்கினால்தான் பழைய முறையைக் கைவிட்டுப் புதிய முறைக்கு முழுமையாக மாற அனுமதி என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் உறுதியாகச் சொல்ல வேண்டும்.