காடு முதலில், கடல் அப்புறம்!



'சஃபாரி' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, ஒரு காலத்தில் நம் வீட்டு ஆண்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டுக்கொண்டு வந்த அந்த சஃபாரி சூட்தான்! உண்மையில் அது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். 'பயணம்' என்று பொருள்.

கென்யாவுக்கும் டான்சானியாவுக்கும் மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மூன்று, நான்கு நாள் காட்டில் சுற்றிவிட்டு நேரே ஊருக்குத் திரும்ப மாட்டார்கள். மொம்பாசா, டியானி, சான்சிபார் என்று ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் சில நாள் சும்மா இருந்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். 'பணம் இருக்கிறவங்க பழக்கம்' என்று தள்ளிவிடாதீர்கள். இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

எங்கள் மணவூர்ப் பெண் ஒருத்தி, கணவர் வேலையை முன்னிட்டு நைரோபியில் குடித்தனம் செய்கிறாள். போன தடவை ஊருக்கு வந்தபோது சொன்னாள்: "அத்தை, காட்டிலே இருந்த மூணு நாளும் கண்ணு நிறைஞ்சுது, ஆனா இடுப்பு விட்டுப் போச்சு. விடியறதுக்கு முன்னாலே எழுப்பி ஜீப்பிலே ஏத்திடறாங்க. மேடு பள்ளம், புழுதி. மடியிலே குழந்தை. சிங்கத்தைப் பார்க்கிறதா, குழந்தை எட்டி எட்டிப் பார்க்கிறதைப் பிடிக்கிறதா? அப்புறம் டியானியிலே நாலு நாள் இருந்தோம் பாருங்க, அப்போதான் உசிர் வந்துது."

காடு பார்ப்பது உல்லாசமாகத் தோன்றினாலும் உடம்புக்கு அது வேலைதான். தூக்கம் குறைவு, குலுக்கல், வெயில், தாய்க்கு ஓயாத கவனம். அந்த அலுப்போடு வீட்டுக்கு வந்து, மூட்டை அழுக்குத் துணியைத் துவைக்கப் போட்டால் முதுகு என்ன ஆகும்?

காடு முதலில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கென்யாவில் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் ஓடுகிறது. இங்கே காலை 6 மணிக்கு எழும் குழந்தை, அங்கே போன புதிதில் 3.30-க்கே கண் விழித்துவிடும். விடியற்காலை ஜீப்புக்கு இது சௌகரியம்தானே! கடலுக்கு வருவதற்குள் தூக்கம் சரியாகிவிடும்.

அந்தக் கடற்கரை நம் பெண்களுக்கு அந்நியமாகவே இருக்காது. தென்னை மரம், மாமரம், தேங்காய்ப்பால் விட்டு வடித்த சாதம், தேங்காய்ப்பாலில் வெந்த பயறு. சப்பாத்தியை அவர்களும் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டதே இந்தக் கரையில் உள்ள மலிந்தியில்தான். 1896-லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டிலிருந்து போன தொழிலாளிகள். 1898-ல் சாவோ என்ற இடத்தில் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் அவர்களில் பலரைக் கொன்று தின்ற கதை உலகப் பிரசித்தம்.

வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் கூப்பிட்டு அங்கே போகிற சகோதரிகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• கென்யா போய்த் திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் போடுவார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனியே நிறுத்தி வைக்கலாம். 9 மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

• மலேரியாவுக்கு மாத்திரை உண்டு. டாக்டர் சொன்ன கணக்கில், ஊர் திரும்பிய பிறகும் அவர் சொல்லும் நாள் வரை சாப்பிட வேண்டும். கொசுவலைக்குள் தூங்குங்கள்.

• நம் கோடை விடுமுறைதான் அங்கே பெரிய மழைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரைக்குப் போனால் அறைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஆப்பிரிக்காவுக்கு நாங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நம் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு சின்ன சஃபாரி இருக்கிறதே! முதலில் வேடந்தாங்கல், அப்புறம் மாமல்லபுரம்.

ஜனவரியில் நாங்கள் மாமியார், இரண்டு பிள்ளைகள் சகிதம் கிளம்பினோம். மணவூரில் ரயில் ஏறி அரக்கோணம், அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டு, பிறகு பஸ். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் போனால் வற்றிய ஏரியைத்தான் பார்க்கலாம். மாலை 4 மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஏரித் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தை குத்தி நாரை, கரண்டி வாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன் என்று கிளைக்குக் கிளை கூடு. குஞ்சின் வாயில் தாய் இரை ஊட்டுவதை என் சின்னவள் வாய் மூடாமல் பார்த்தாள்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கிராமத்து ஜனங்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1798-லேயே கம்பெனி கலெக்டரிடமிருந்து, இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று உரிமை வாங்கிவிட்டார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குஞ்சு பயந்துவிடுமாம்! 2022-ல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பிரசாதம் உண்ண வந்த கழுகுகள் வருவது நின்று பல வருஷம் ஆகிறது. "பார்த்தியா, ஊர் ஜனம் காத்த இடத்திலே பறவை இருக்கு" என்றார் மாமியார்.

மாமல்லபுரத்தில் இரண்டு இரவு தங்கினோம். போன அன்றைக்கே கடற்கரைக் கோவில், ஐந்து ரதம், வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட என்னவர் திட்டம் போட்டார். நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்: "ஏங்க, நாளைக்கு ஒரு நாள் நான் எதுவும் பார்க்கப் போறதில்லே. காலையிலே எழுந்திருக்கவும் போறதில்லே. பிள்ளைங்களை நீங்க கூட்டிட்டுப் போங்க."

"அப்போ காபி?"

"கீழே ஹோட்டல்லே கிடைக்கும்."

அவர் அம்மாவைப் பார்த்தார். மாமியாரோ, "அவ தூங்கட்டும்டா. வீட்டிலே என்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கியிருக்கா?" என்றார். அந்த ஒரு நாள் தூக்கத்துக்குப் பிறகு ஐந்து ரதமும் எனக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது!

திருத்தணியில் 365 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, அன்று ராத்திரியே மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்கிறவர்கள் நாம். பயணம் என்றால் நமக்கு இடம் மாறுகிறதே தவிர வேலை மாறுவதில்லை. கூட்டாஞ்சோறு கட்டுவது, மருந்துப் பை, ஈரத் துணி எல்லாம் நம் தலையில்தான். அதனால் செலவுக் கணக்குப் போடும்போதே 'அம்மாவுக்கு ஒரு நாள்' என்று சேர்த்துப் போட்டுவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

கடலில் மட்டும் அயர்ந்துவிடாதீர்கள். டியானியில் பவளப்பாறை தூரத்திலேயே அலையை உடைத்துவிடும். நம் கரையில் அந்தத் தடுப்பு இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதா? அங்கேதான் ஆபத்து. கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் நீரில் விடாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். இழுப்பில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி மல்லாடாமல், பக்கவாட்டில் நீந்தி விலகி வர வேண்டும்.

11 மணி முதல் 3 மணி வரை குழந்தைகளை வெயிலில் விட வேண்டாம். மோர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீர் கூட வேண்டாம். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். உப்பு கூடிவிடக் கூடாது, கவனம்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வரும்போது, 'எங்கே' என்பதோடு 'யார் எப்போது ஓய்வெடுப்பது' என்றும் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டுப் பதில் என்ன என்று எனக்கு எழுதுங்கள், சகோதரிகளே!