பால்வாடியும் துரப்பணமும்: ஊர் முடிவெடுக்கட்டும்

காவிரிப் படுகையில் பிள்ளை வளர்ப்பவர்களும் பயிர் வளர்ப்பவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கொள்கை ஒன்றே ஒன்று. ஓர் ஊரின் சிறு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு எந்தச் சபைக்கு இருக்கிறதோ, அந்த ஊரின் மண்ணைத் துளைக்கலாமா கூடாதா என்று சொல்லும் உரிமையும் அந்தச் சபைக்கே வேண்டும்.

இன்று பொறுப்பு எங்களுக்கு, அதிகாரம் தில்லிக்கு. அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்களைச் சொல்கிறது. குடிநீர் அதில் உண்டு. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு 25ஆவதாக வருகிறது. எண்ணெயும் எரிவாயுவுமோ ஒன்றியப் பட்டியலின் 53ஆவது பதிவு. பால்வாடிக் கூரை ஒழுகினால் ஊராட்சித் தலைவரைப் பிடித்துக் கேட்கலாம். பால்வாடிக்குப் பின்னால் உள்ள வயலில் துரப்பண எந்திரம் இறங்கினால் யாரைக் கேட்பது? ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று 2020 ஜனவரியில் விதியையும் திருத்திவிட்டார்கள்.

பால்வாடியும் துரப்பணமும் வேறு வேறு விஷயம் என்பவர்கள் ஒரு நாள் காலை பால்வாடிக்கு வந்து பார்க்கட்டும். ஆயாம்மா அரிசி களைவதும் முட்டை வேகவைப்பதும் ஊர்த் தண்ணீரில்தான். வாயும் வயிறுமாக இருக்கும் பெண் வாங்கிப்போகும் சத்துமாவு அவள் வீட்டில் கரைவதும் அதே தண்ணீரில்தான். எடை பார்க்கிற நாளில் ஒரு பிள்ளையின் கோடு கீழே இறங்கியிருந்தால் டீச்சர் முதலில் கேட்பது, "வயித்தால போச்சா? என்ன தண்ணி குடுத்தீங்க?" 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பலன் முழுவதும் கடைசியில் அந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது.

துரப்பணம் தொடுவதும் அந்தத் தண்ணீரைத்தான். ஷேல் எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இறுகிய பாறைக்குள் அடைபட்டது. தானாக மேலே வராது. பூமியை ஆழமாகத் துளைத்து, துளையைப் பக்கவாட்டில் திருப்பி, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் போகும். உப்பும் ரசாயனமுமாக அதில் ஒரு பகுதி திரும்பி மேலே வரும். மேட்டூர் அணை திறக்குமா என்று ஜூன் மாதத்தில் வானத்தைப் பார்க்கும் கடைமடை ஊர்களில் இந்த வேலைக்கு இடமில்லை.

எங்களுக்கு முன்னால் போராடியவர்கள் இருக்கிறார்கள். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிய இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார், அந்தப் பயணத்திலேயே 2013 டிசம்பரில் உயிர்விட்டார். 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் வீதிக்கு வந்தன. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஷேல் எரிவாயுவைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அது மக்கள் வாங்கிய சட்டம், விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அது போதாது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஊராட்சி ஒன்றியங்களோடு நின்றுவிட்டது. நிலத்தடி நீருக்கு ஒன்றிய எல்லை தெரியாது. மண்டலத்தைக் கவனிக்கும் ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் வழியில் உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடம் முடிவை விட்டது. கூடிய 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. மலைவாசி மக்களுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பை வயல்வாசிகளுக்கும் சட்டமாக்க வேண்டும் என்று கேட்கிறோம். கிணறு புதிதோ பழையதோ, பால்வாடிக்கும் பள்ளிக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் அருகில் இருந்தால் அங்குள்ள தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பால்வாடிச் சுவரிலேயே தமிழில் ஒட்ட வேண்டும். சொந்தக் கட்டடமும் நல்ல குழாயும் இல்லாத ஒரு பால்வாடிகூட இருக்கக் கூடாது. ஊராட்சிப் பணம் முதலில் அதற்குத்தான்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்கள் அத்தனை பேரும் வாருங்கள். தீர்மானத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.